நீலாஞ்சனையின் நடனமும் நம் மேடைகளும்

பலர் காண ஒரு கலையைச் செய்து வாழ்பவர், எந்த வயதில் மேடையை விட்டு இறங்க வேண்டும்? இக்கேள்வி கலைஞர்களுக்கு மட்டும் உரியது போலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால், இல்லறத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மேடை உண்டு என்பதும், அதிலிருந்து இறங்கும் வேளை ஒன்று உண்டு என்பதும் விளங்கும். இதனை நம் குடும்பங்களில் முதியோரும் இளையோரும் ஒருங்கே அமர்ந்து சிந்திப்பது நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதலானோம்.

இடைவேளைப் பாட்டு

நம் சமூகத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் அமெரிக்காவில் வாழ்கின்றனர். அவர்கள் ஊருக்கு வரும்போது பேசும் செய்திகளுள் ஒன்று, ஆண்டுதோறும் அந்நாட்டில் நடைபெறும் ‘சூப்பர் பவுல்’ என்னும் இறுதிப் போட்டி. அது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அதன் இடைவேளையில் பாட்டு நிகழ்ச்சி ஒன்று நடைபெறும். ஆட்டத்தின் விதிகளை அறியாதவர்களும் அப்பாட்டைக் காண்பதற்கென்றே தொலைக்காட்சியின் முன் அமர்வர்.

1967ஆம் ஆண்டு முதற்போட்டி நடந்தபோது கல்லூரி மாணவர்களின் வாத்தியக் குழுக்களே இடைவேளையில் வாசித்தன. 1992ஆம் ஆண்டு இடைவேளையின்போது பார்வையாளர் பலர் வேறொரு தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சிக்கு மாறிச் சென்றனர். அவர்களைப் பிடித்து வைக்கும்பொருட்டு மறு ஆண்டில் மைக்கேல் ஜாக்சனை அழைத்துப் பாடவைத்தனர். அதுமுதல் புகழ்மிக்க பாடகர்களே அழைக்கப்படுகின்றனர். சில நிமிடங்களில் மைதானத்தின் நடுவே மேடையை உருட்டிவந்து பொருத்துவர். பாடகர் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடங்கள் பாடுவார். மீண்டும் சில நிமிடங்களில் மேடை மறைந்துவிடும். இதற்கென அவருக்குப் பெருந்தொகை எதுவும் தரப்படுவதில்லை. நிகழ்ச்சிச் செலவைப் போட்டி நடத்துவோர் ஏற்பர். கோடிக்கணக்கான கண்கள் ஒரே நேரத்தில் தம்மைப் பார்க்கின்றன என்பதே பாடகர் பெறும் பெரும்பேறு.

2004ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் நேர்ந்த ஓர் ஆபாசக் காட்சி நாடெங்கும் கண்டனத்தை எழுப்பியது. அதன்பின் சில ஆண்டுகள், அமைப்பாளர்கள் வயது முதிர்ந்த ராக் இசைக் கலைஞர்களையே பெரிதும் நாடினர். 2005இல் பால் மெக்கார்ட்னி பாடினார். அவருக்கு அப்போது வயது 62. 2006இல் டெட்ராய்ட் நகரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பாடியது. அதன் தலைமைப் பாடகர் மிக் ஜாக்கருக்கும் வயது 62. 2010இல் மயாமி நகரில் தி ஹூ குழு பாடியது. அக்குழுவின் முதல் நால்வருள் இருவர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டனர். எஞ்சிய இருவரான பீட் டவுன்ஷெண்டுக்கு 64 வயது. ராஜர் டால்ட்ரிக்கு 65 வயது.

இவர்கள் அனைவரும் 1960களில் பெற்றோர் அஞ்சிய இளைஞர்கள். மூத்தோர் சொல்லை மறுப்பதே இவர்கள் பாட்டின் உயிராக இருந்தது. தி ஹூ குழு 1965இல் முதுமையையே இகழ்ந்து பாடிப் பெயர் பெற்றது. அத்தகையோர் நாற்பது ஆண்டுகள் கழித்து, குடும்பத்தோடு அமர்ந்து காண்பதற்கு ஏற்ற, தீங்கற்ற பெரியவர்கள் என்ற காரணத்தால் அழைக்கப்பட்டனர். 2006இல் ஜாக்கர் பாடிய இரு பாடல்களில் தகாதன எனக் கருதப்பட்ட சில சொற்கள், வீடுகளைச் சென்றடையாதவாறு ஒலி குறைக்கப்பட்டன. மேடை கிடைத்தது, சொல்லுக்கு உரிமை கிடைக்கவில்லை. காலம் மனிதனுக்குக் காட்டும் வேடிக்கைகளுள் இதுவும் ஒன்று.

இரண்டு தீர்ப்புகள்

இத்தகைய நிகழ்ச்சியைக் காண்போர் இரு கட்சியாகப் பிரிகின்றனர். இந்த வயதில் இவருக்கு ஏன் இந்தத் துள்ளல், வீட்டில் அமர்ந்திருக்கலாகாதா என்று நகைப்போர் ஒரு சாரார். வயது என்பது வெறும் எண், இளைஞரைவிட இவரே இளைஞர் என்று புகழ்வோர் மற்றொரு சாரார்.

நகைப்பவர் முதுமையைக் குற்றமாகக் கருதுகிறார். புகழ்பவரோ, அது குற்றம் என்பதை ஒப்புக்கொண்டு, இவரிடம் அக்குற்றம் இல்லை என்று வாதாடுகிறார். இருவரும் முதுமையை முதுமையாகவே பார்க்க மறுக்கின்றனர். 64 வயதுக் குரலில் 24 வயதில் இல்லாத ஏதேனும் இருக்கிறதா என்று இருவரும் கேட்பதில்லை. அன்று பாடியதைப் போலவே பாடுகிறாரா என்பது ஒன்றே அவர்களுடைய அளவுகோல்.

அது ஏன் என்று எண்ணிப் பார்த்தோம். காண்போரும் மூப்படைந்துவிட்டனர் என்பதே காரணமாகத் தோன்றுகிறது. தம் இருபதாம் வயதில் கேட்ட பாட்டை அதே மனிதர் அதே சுருதியில் பாடினால், இடையில் கழிந்த நாற்பது ஆண்டுகள் கழியவே இல்லை என்று சற்று நேரம் நம்பலாம். ஆகவே கூட்டம் பாடகரிடம் கேட்பது பாட்டை மட்டும் அன்று. தன் இளமையையும் கேட்கிறது. அவரால் அதைக் கொடுக்க இயலாது. கொடுப்பதுபோல் நடிக்கலாம். அந்த நடிப்பின் பாரம் முழுவதும் அம்முதியவரின் மூச்சின்மேல் ஏறுகிறது.

நாலடியாரில் இளமை நிலையாமை என்றொரு தனி அதிகாரம் உண்டு. வகுப்பறையில் அதனைப் பயிற்றும்போது, பதினைந்து வயது மாணவர்களுக்கு அது எட்டாத செய்தியாகவே இருக்கும். அறுபது கடந்தோருக்கேனும் எட்ட வேண்டும் அன்றோ?

நீலாஞ்சனை

இவ்விடத்தில் நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்ட ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. ஸ்ரீபுராணம் கூறும் ஆதிநாதர் வரலாற்றில் நீலாஞ்சனையின் நடனம் வருகிறது. விருஷப தேவர் அரச போகத்தில் வீற்றிருந்த காலம். அவர் துறவு கொள்ள வேண்டிய வேளை நெருங்கியதை உணர்ந்த இந்திரன், ஆயுள் முடியும் தறுவாயில் இருந்த நீலாஞ்சனை என்னும் தேவமாதை அவையில் ஆடச் செய்தான். ஆடிக்கொண்டிருக்கையிலேயே அவள் ஆயுள் முடிந்தது. மின்னல் போல் மறைந்தாள். சுவை கெடாதிருக்கும்பொருட்டு, இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற வேறொருத்தியை அவ்விடத்தில் நிறுத்தினான். தாளம் தப்பவில்லை. அவையோர் எவரும் எதையும் உணரவில்லை. விருஷப தேவர் ஒருவரே உணர்ந்தார்.

இவ்வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அம்மேலைநாட்டுக் குழுக்களின் வரலாற்றைப் பார்ப்போம். தி ஹூ குழுவின் முரசுக் கலைஞர் கீத் மூன் 1978இல் இறந்தார், வேறொருவர் வந்தார். 1982இல் அக்குழு, இது விடைபெறும் பயணம் என்று அறிவித்து ஊர் ஊராகப் பாடியது. பின்னர் 1989இல் மீண்டும் கூடியது. 2002 ஜூன் 27ஆம் நாள், ஒரு சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முதல்நாள், ஜான் என்ட்விசில் இறந்தார். நான்கு நாட்கள் கழித்து, ஜூலை 1ஆம் நாள், அவர் இடத்தில் மற்றொருவர் நிற்கப் பயணம் தொடங்கிவிட்டது. 2025இலும் அக்குழு வட அமெரிக்காவில் ஒரு விடைபெறும் பயணத்தை நடத்தியது.

இவற்றைக் கேட்டவுடன் பழி கூறத் தோன்றும். அவசரப்படுதல் ஆகாது. ஒரு சுற்றுப்பயணத்தை நம்பி ஒலி, ஒளிப் பணியாளர், வண்டி ஓட்டுநர் எனப் பல குடும்பங்கள் உள்ளன. மேலும், எல்லா மாற்றமும் இந்திரன் செய்த மாற்றத்தைப் போன்றதன்று. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் 1963 முதல் முரசு வாசித்த சார்லி வாட்ஸ், 2021இல் உடல்நலம் குன்றியபோது, தம் நண்பர் ஸ்டீவ் ஜோர்டன் தமக்குப் பதிலாக வாசிப்பதற்குத் தாமே இசைவளித்தார். ஆகஸ்டு 24ஆம் நாள் அவர் இறந்தார். செப்டம்பரில் பயணம் தொடங்கியபோது, முதலில் அவருடைய உருவங்களைத் திரையில் காட்டிய பிறகே மற்றவர் பாடினர். இங்கு மாற்றம் மறைக்கப்படவில்லை. சென்றவர் சென்றார் என்பது சொல்லப்பட்டது. மறைத்து நிறுத்துவதற்கும், சொல்லி ஒப்படைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

நீலாஞ்சனையின் வரலாறு ஆடியவளைக் குறை கூறவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவள் தன் கடமையைச் செய்தாள். விருஷப தேவரும் நடனத்தை நிறுத்துங்கள் என்று ஆணையிடவில்லை. ஆடுபவளுக்கு அறிவுரை கூறவும் இல்லை. அவர் தம் சிங்காதனத்தைப் பார்த்தார். அவருடைய ஆயுள் 84 இலட்சம் பூர்வம். அதில் 83 இலட்சம் அப்போது கழிந்திருந்தது. இருபது இலட்சம் இளவரசராக, அறுபத்து மூன்று இலட்சம் அரசராக. எஞ்சியது ஒரே இலட்சம். பரதனுக்கு முடிசூட்டிவிட்டு எழுந்தார்.

மேடையில் ஒரு முதியவர் தடுமாறும்போது, இவர் எப்போது இறங்குவார் என்று கேட்பது அவையோரின் கேள்வி. நாம் அமர்ந்திருக்கும் இருக்கை எது, அதில் எத்தனை இலட்சம் கழிந்தது என்று கேட்பது விருஷப தேவரின் கேள்வி. முதற்கேள்வி கேட்பதற்கு எளிது. அதனால் எவருக்கும் பயனில்லை.

நம் நாட்டு மேடைகள்

இறங்குவதற்கென ஒரு வயதை வரையறுக்க இயலுமா? இயலாது என்பதை நம் நாட்டுக் கலைஞர்களின் வாழ்க்கையே காட்டுகிறது.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1997 நவம்பரில் தம் கணவர் சதாசிவம் மறைந்தபின் பொதுமேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். அதன்பின் 2004 டிசம்பர் வரை வாழ்ந்தார். விடைபெறும் விழா ஒன்றும் எடுக்கவில்லை. யாருக்காகப் பாடினாரோ அவர் இல்லாத மேடை தமக்கு வேண்டியதில்லை என்று அவர் கருதினார் போலும்.

கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கை வேறு வகையானது. 1933 டிசம்பரில் எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு 25 வயது. அன்றுமுதல் வெள்ளாடை உடுத்தினார். ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆனால் பாட்டைத் துறக்கவில்லை. 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் மூதாட்டியாகத் தோன்றினார். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்திலும் அவ்வேடமே பூண்டார். இளமை வேண்டாம், முதுமை தருக என்று வேண்டிப் பெற்றவர் ஔவை என்பது நாடறிந்த கதை. அந்த ஔவையின் உருவிலேயே சுந்தராம்பாளின் கணீரென்ற குரல் இன்றும் தமிழர் நெஞ்சில் நிலைத்துள்ளது. மேடையை விட்டு இறங்காமலே வேடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு அவர் சான்று.

நாம் வாழும் கம்பம் பள்ளத்தாக்கின் மைந்தரையும் இங்குச் சொல்ல வேண்டும். உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் இளையராஜா. மிக் ஜாக்கர் பிறந்ததும் அதே ஆண்டுதான். தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவோடு இளம் பருவத்தில் ஊர் ஊராகச் சென்று வாசித்தவர், 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரையிசைக்கு வந்தார். அவர் நடத்தும் இன்னிசை நிகழ்ச்சிகளிலும் கூட்டம் விரும்பிக் கேட்பது பெரும்பாலும் பழைய பாடல்களையே. அவற்றையே பாடிக் காலத்தைக் கழித்திருக்கலாம். ஆனால் 2025 மார்ச் 8ஆம் நாள், தம் 81ஆம் வயதில், இலண்டன் நகரில் ‘வேலியண்ட்’ என்னும் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். வாசித்தது அந்நாட்டு ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா. வாசிப்பை நடத்தியவர் வேறொருவர். எழுதியது மட்டுமே இவர் பணி. அன்று அந்த அரங்குக்கு அவர் கொண்டு சென்றது தம் இளமையின் நினைவை அன்று. முதுமை வரை காத்திருந்து செய்த ஒரு புதுப்பணியை.

பெயர் பெற்றவர்களை மட்டும் பேசி நிறுத்துதல் நியாயமாகாது. இப்பள்ளத்தாக்கில் சித்திரை மாதத்து வீரபாண்டித் திருவிழா தொடங்கி, ஊர்தோறும் பொங்கல் விழாக்களும் கோயில் விழாக்களும் உண்டு. அவற்றில் நாடகமும் இன்னிசைக் கச்சேரியும் நடைபெறும். அங்கு நரைத்த தலைக்கு மை தடவி, மின்விளக்கின் வெப்பத்தில் நள்ளிரவு வரை நின்று பாடுகிற முதியவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து, புகழாசை விடவில்லை என்று பேசுவது பெருந்தவறு. மறுநாள் அரிசிக்கு வழி இல்லாமையால் பாடுகின்றனர். நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாத உதவி வழங்கப்படுகிறது. அது கிடைத்தவர் சிலர். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் பலர். ஒரு முதியவரைப் பார்த்து ஏன் இன்னும் பாடுகிறீர் என்று கேட்குமுன், உண்டீரா என்று கேட்பது அறம். துறத்தற்கு ஏதேனும் பெற்றிருப்பவரிடமே துறவு பற்றிப் பேசலாம்.

பற்று எங்கே இருக்கிறது?

வயது அளவுகோல் ஆகாது. மேடையில் இருப்பதும் இறங்குவதும் தம்மளவில் அளவுகோல் ஆகா. எனில் எதைக் கொண்டு அளப்பது? பற்றைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது நம் துணிபு.

இல்லறத்தார்க்குரிய ஐந்து விரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. பொருள் என்றவுடன் நாம் நிலம், வீடு, பொன், தானியம் என்று கணக்கிடுகிறோம். இவை புறப்பற்றுகள், பத்து வகை. அகப்பற்றுகளோ பதினான்கு வகை என நூல்கள் கூறும். அவற்றுள் மானம் என்னும் செருக்கும் அடங்கும். செருக்கை மேலும் பகுத்து எண்வகை மதம் என்றனர் பெரியோர். பிறர் செய்யும் சிறப்பினால் வரும் மதம் அவற்றுள் ஒன்று. உடலினால் வரும் மதம் மற்றொன்று. இவ்விரண்டும் சேருமிடம் மேடை. அங்குப் பாடுபவர்க்குக் கைதட்டல் ஒரு பொருள். அதைச் சேர்த்து வைக்க இயலாது. ஆகவே நாள்தோறும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. பொன்னை விரும்புபவன் ஒரு நாள் போதும் என்று சொல்லக்கூடும். கைதட்டலை விரும்புபவனால் அவ்வாறு சொல்வது மிகவும் அரிது.

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி குன்று எனப்படும் திருக்குணகிரியின் பாறையில் தீர்த்தங்கரர் படிமங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. அருகே வட்டெழுத்தில், படிமங்களைச் செய்வித்தோர் பெயர்கள் காணப்படுகின்றன. அச்சணந்தி முனிவரின் பெயரும் அவற்றுள் உண்டு. உளி பிடித்தவரும் ஒரு கலைஞரே. வேலை முடிந்ததும் அவர் சாரத்திலிருந்து இறங்கி அடுத்த ஊருக்குச் சென்றிருப்பார். அவர் இன்னார் என்று அறியாமலே நாம் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அப்பாறையின் முன் கைகூப்பி நிற்கிறோம். அதனால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது?

நம் வீட்டு மேடைகள்

இனி நம்மை நோக்குவோம். பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்களை அழைக்கின்றனர். ஐந்து நிமிடம் என்று சொல்லி ஒலிபெருக்கியைப் பெற்ற ஒருவர், அரை மணி நேரம் தம் காலத்துப் பெருமையைப் பேசுகிறார். குழந்தைகள் நடன உடையோடு திரைக்குப் பின்னால் வாடி நிற்கின்றனர். சங்கத்தில் இருபது ஆண்டுகளாக ஒருவரே செயலாளர். கணக்குப் புத்தகத்தை வேறெவரும் தொட்டதில்லை. வீட்டில் அறுபது வயது மருமகள் இன்னும் பீரோச் சாவிக்கு மாமியாரிடம் கை நீட்டுகிறாள். இவை யாவும் இடைவேளையில் ஏறிய மேடையிலிருந்து, ஆட்டம் மீண்டும் தொடங்கிய பின்னும் இறங்க மறுப்பதற்கு ஒப்பாகும்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கற்பித்த சிறு ஒழுங்கு ஒன்று உண்டு. மணி அடித்ததும் ஆசிரியர் கரும்பலகையைத் துடைத்துவிட்டே வகுப்பை விட்டு வெளியேற வேண்டும். எவ்வளவு அழகாக எழுதியிருப்பினும், வரைந்த படம் எவ்வளவு சிறந்ததாயினும், துடைத்தாக வேண்டும். அடுத்து வருபவர்க்குப் பலகை வேண்டும். எழுதியது மாணவரின் ஏட்டில் ஏறியிருந்தால் அழித்ததால் இழப்பில்லை. ஏறவில்லை என்றால் பலகையில் இருந்தும் பயனில்லை.

இங்குள்ள திராட்சைத் தோட்டக்காரர்களைக் கேட்டாலும் இதையே சொல்வர். கொடியைக் கவாத்து செய்தால்தான் புதுத் தளிர் வரும். காய்ப்பு அந்தப் புதுத் தளிரில்தான். ஆயினும் முதிர்ந்த அடித்தண்டை எவரும் வெட்டி எறிவதில்லை. நீரையும் உரத்தையும் மேலே கொண்டு செல்வது அதுவே. காய்க்கும் இடம் மாறுகிறது. தாங்கும் பணி மாறுவதில்லை.

கோயில் விழாக்களில் நாயனம் வாசிக்கும் மூத்த வித்துவான்களிடமும் இதனைக் கண்டிருக்கிறோம். ஆலாபனையைத் தாம் தொடங்கி வைப்பர். மூச்சு மிகுதியாக வேண்டிய விரைவுப் பகுதிகளை மகனிடமோ மாணவனிடமோ விட்டுவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருப்பர். பொங்கலை ஒட்டி ஊர்களில் நடைபெறும் கபடிப் போட்டியிலும் இம்மரபு உண்டு. முன்னாள் ஆட்டக்காரரை அழைத்து, துண்டு போர்த்தி, இரு அணியினரோடும் கைகுலுக்கச் செய்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பர். அவரை எதிரணிக்குள் பாடிப் போகச் சொல்வதில்லை. ஒரே மூச்சில் பாடிச் சென்று திரும்ப வேண்டிய ஆட்டம் அது. அந்த மூச்சு இப்போது வேறொருவனிடம் இருக்கிறது என்பதை அனைவரும் அறிவர். இதில் அவருக்கு அவமானம் இல்லை. ஆட்டம் முடிந்தபின் தோற்ற அணியின் சிறுவன் ஒருவன் அவர் அருகில் சென்று அமர்ந்து, எங்கே பிழைத்தேன் என்று கேட்பான். முதுமைக்கு ஏற்ற மேடை அந்தத் திண்ணைதான்.

இளையோர்க்கும் ஒரு சொல் உண்டு. முதியவரை மேடையிலிருந்து தள்ளுவதும் ஹிம்சையே. எண்பதாம் பிறந்தநாளில் ஆளுயர மாலையிட்டு, புகைப்படம் எடுத்து முடித்தபின், அவர் பேச வாய் திறந்தால் கைப்பேசியைப் பார்ப்பதும் ஹிம்சையே. ஒலி குறைக்கப்பட்ட மேடை என்று மேலே சொன்னோமே, அது நம் கூடங்களிலும் இருக்கிறது. தனக்குத் தேவை இருக்கிறது என்ற உணர்வு இன்றி எவரும் நெடுநாள் உயிர்த்திருத்தல் இயலாது. பாடுவதை நிறுத்தச் சொல்பவர், பின்னர் அவர் செய்வதற்கு என்ன பணி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும், பூஜை முறைகளைக் கற்பிக்கவும், பழைய ஏடுகளைப் படித்துப் பொருள் கூறவும் அவர்களை அழையுங்கள். அழைத்தபின் அமர்ந்து கேளுங்கள்.

ஓர் எல்லை வகுத்துக்கொள்வோம்

நம் முன்னோர் விரதங்களை இல்லறத்தாருக்கு ஏற்ற அளவில் வகுத்துத் தந்தனர். முற்றத் துறக்க இயலாதவன் ஓர் எல்லையேனும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அணுவிரதத்தின் கருத்து. இத்தனை காணி, இத்தனை பொன், இதற்குமேல் வேண்டேன் என்று அளவு செய்துகொள்கிறோம். அதுபோலச் சிறப்புக்கும் ஓர் அளவு செய்துகொள்ளலாம் அன்றோ? சங்கப் பொறுப்பில் இத்தனை ஆண்டுகள். அதன்பின் இன்னாரிடம் ஒப்படைப்பேன். விழாவில் ஐந்து நிமிடம். மணி பார்த்து அமர்வேன். இன்ன பண்டிகைக்குப் பிறகு சாவி மருமகளிடம் இருக்கும். கேட்டால் வழி சொல்வேன், கேளாதபோது சொல்லேன். உடல் நலமாக இருக்கும்போதே, பிறர் சொல்லும் முன்பே, நாலு பேர் அறிய இதனைச் சொல்லிவிட வேண்டும். சொன்னபின் 1982இல் விடைபெற்று 1989இல் திரும்பியவர்களைப் போலத் திரும்புதல் கூடாது.

பால் மெக்கார்ட்னி 2012ஆம் ஆண்டு, 70 வயதில், இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவின் நிறைவில் பாடினார். 2024இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு மேற்கொண்ட பயணத்துக்கு ஆதரவளித்தது, 50 வயதைக் கடந்தோருக்கான அமெரிக்கப் பெருஞ்சங்கம் ஒன்று. அவர்கள் பாடட்டும், கேட்போர் கேட்கட்டும். அவர்கள் எப்போது இறங்க வேண்டும் என்பதை அவர்களுடைய நெஞ்சம் அறியும். தொலைக்காட்சியில் அத்தகைய நிகழ்ச்சியைக் காணும் நாளில், பேரப்பிள்ளைகளுக்கு நீலாஞ்சனையின் வரலாற்றை ஒருமுறை சொல்வோம். சொல்லி முடித்தபின், நம் கையிலுள்ள சாவிகளை எண்ணிப் பார்ப்போமாக.